துப்பாக்கிக்குச் சோறு போட்ட தம்பிக்கு

தம்பி,

இன்று காலையில் முட்டிவலிக்கு விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயிலுக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த உன் அண்ணன் திரும்பிப் பார்த்து, "வலிக்குதுன்னு இப்பதானே முனகுன? அதுக்குள்ள என்ன சிரிப்பு?" என்றார். "உங்க தம்பி நெனப்பு வந்துடுச்சு" என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோயிலில் முருகன் அரை மணி நேரம் காத்திருந்தார் பாவம்.

விளக்கெண்ணெய் வாசனையில் மற்ற பெண்களுக்குப் பிரசவம் ஞாபகம் வரும், பிள்ளைகளுக்குக் கொடுத்த பேதி மருந்து ஞாபகம் வரும். எனக்குத் தோட்டா ஞாபகம் வருகிறது. இந்தக் கோலாலம்பூரில் இப்படி ஒருத்தி நான் மட்டும்தான் இருப்பேன். அதற்குக் காரணம் நீ. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாததால் எழுதுகிறேன். உனக்கு எழுதுவதில் ஒரு வசதியும் இருக்கிறது. நடுவில் புகுந்து, "அண்ணி, கொஞ்சம் மூச்சு விட்டுக்கிட்டுச் சொல்லுங்க" என்று நீ சொல்ல முடியாது.

ஐரோப்பாவில் ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்து, அரிசி கிடைக்காமல் ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த வருஷம் அது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போனோம். அங்கே காவடி எடுத்து வருகிறவர்களின் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். நீ காவடியும் எடுக்கவில்லை, விரதமும் இருக்கவில்லை. ஆனாலும் திரும்பத் திரும்ப அவளிடம் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டாய். வெறும் வயிற்றோடு மலையேறிய எனக்கே அவ்வளவு தாகமில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கோயிலில் எனக்குத் தெரிந்த பெண்களிடம் விசாரித்தேன். பெயர் வள்ளி, ஊர் காஜாங், அப்பா தோட்டத்தில் பெரிய கங்காணியாக இருந்தவர், இப்போது சொந்தமாக ரப்பரும் தென்னையும் மரவள்ளியும் போட்டிருக்கிறார் என்று தெரிந்தது. வள்ளி என்ற பெயரைக் கேட்டதும் இது முருகன் போட்ட முடிச்சு என்று சொல்லிவிட்டேன். உன் அண்ணன்தான், "முருகன் முடிச்சு போடட்டும், பொண்ணோட அப்பன் அவுக்காம இருக்கணுமே" என்றார்.

அப்பன் அவிழ்க்கத்தான் பார்த்தார். நாம் மூவரும் ரயிலேறிக் காஜாங்குக்குப் போய்ப் பெண் கேட்டது உனக்கு மறந்திருக்காது. மீசையும் தோளில் துண்டுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் மனிதர்.

"பையனுக்கு என்ன வேலை?"

"செந்தூல் ரயில்வே பட்டறையில பிட்டர்" என்றார் உன் அண்ணன்.

"நிலம் நீச்சு?"

"இல்லீங்க. குவார்ட்டர்ஸ் வீடு. பிரிக்பீல்ட்ஸ்ல."

அதோடு விட்டிருக்கலாம். நீ ரயில் எஞ்சினைப் பிரிப்பது எப்படி, மாட்டுவது எப்படி என்று ஆரம்பித்தாய். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பையன் நல்லா பேசுறான். ஆனா பேச்சு எனக்கு வேணாம். என் வீட்லயே தேவைக்கு மேல இருக்கு" என்று உள் அறைப் பக்கம் பார்த்தார். உள்ளேயிருந்து, "நான் இன்னும் வாயே தொறக்கலப்பா" என்று குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர் வீட்டிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள், தீபாவளி கழித்து வருகிறார்கள் என்று அடுத்த கல்லைத் தூக்கிப் போட்டார். கடை, வீடு, மாட்டுவண்டி எல்லாம் உள்ள இடம். நான் மனதுக்குள் முருகனைத் திட்ட ஆரம்பித்திருந்தேன். அப்போதுதான் உன் கண் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியில் விழுந்தது. எழுந்து போய், சந்நிதியில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய்.

"என்ன பாக்குற? ஒல்லாந்துக்காரன் துப்பாக்கி. எங்க தொரை ஊருக்குப் போறப்ப எனக்குக் குடுத்துட்டுப் போனாரு. லைசன்ஸெல்லாம் இருக்கு. தோட்டாதான் இல்ல. ஜெர்மன் கப்பல்ல வந்துக்கிட்டிருந்த தோட்டா, சண்டையோட நின்னு போச்சு. காட்டுப் பன்னி வந்து என் கெழங்கையெல்லாம் தோண்டித் தின்னுது. நான் அதுங்களைத் துப்பாக்கியைக் காட்டி மெரட்டிக்கிட்டிருக்கேன்."

"இங்கிலீஷ்காரன் தோட்டாக் கூடு கெடைக்குதே. அதை இதுக்கு மாத்தலாமே" என்றாய் நீ.

அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொன்னார்: "தம்பி, என் துப்பாக்கி சண்டை ஆரம்பிச்சதுலேருந்து பட்டினி கெடக்கு. தீபாவளிக்குள்ள அதுக்குச் சோறு போடு. அப்புறம் என் பொண்ணுக்குச் சோறு போடுறதைப் பத்திப் பேசலாம்."

"போட்டுடலாம் மாமா."

"மாமான்னு இப்பவே கூப்பிடாதே. மொதல்ல துப்பாக்கி ஏப்பம் விடட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் சமையற்கட்டின் பின்வாசலில் ஒரு கோணிப்பையைக் கவிழ்த்தாய். கலகலவென்று ஓசை தெருக்கோடி வரைக்கும் கேட்டது. எல்லாம் அழுக்கேறிய பித்தளைக் கூடுகள். காய்கறிப் பாசார் பக்கத்துப் பழைய சாமான் கடையில் வாங்கினாயாம். "பெலித்தா செய்யவா?" என்று கடைக்காரச் சீனத் தௌக்கே கேட்டாராம், விளக்கு செய்யப் போகிறாய் என்று நினைத்து. நீ ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தாயாம்.

"உசிரை எடுக்குற சாமானை வெள்ளிக்கிழமை வெளக்கேத்துற வீட்டுல கொண்டாந்து கொட்டுறியே தம்பி" என்றேன்.

"எல்லாம் சுட்டு முடிச்ச கூடு அண்ணி. வெடிமருந்து இல்ல, குண்டு இல்ல. வெறும் பித்தளை. உங்க குத்துவெளக்குக்கு ஒண்ணுவிட்ட தம்பி."

குத்துவிளக்குக்குத் தம்பி என்றால் நான் என்ன செய்வேன்? புளியும் சாம்பலும் போட்டு அத்தனையையும் தேய்த்துக் கொடுத்தேன். வெயிலில் காயவைத்தபோது நகைக்கடை மாதிரி மின்னிற்று. அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்து, "என்னக்கா, புதுசா ஏதாவது நோம்பா?" என்று கேட்டார்கள். "ஆமா, கல்யாண நோம்பு" என்றேன்.

என்ன செய்யப் போகிறாய் என்று எனக்குப் புரியும்படி சொன்னாய். அது இங்கிலீஷ்காரனின் த்ரீ-நாட்-த்ரீ கூடு, வாய் பெரியது. காஜாங் துப்பாக்கிக்குக் குழல் சின்னது. கூட்டின் கழுத்தைக் குறுக்க வேண்டும், அதற்கு அடியில் சரிகிற தோளைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும், நீளத்தை வெட்ட வேண்டும், அடி விளிம்பை அரத்தால் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்.

"அதாவது, அக்கா ரவிக்கையைப் புடிச்சுத் தங்கச்சிக்குத் தைக்கிற மாதிரி" என்றேன்.

"அதேதான். ஆனா ரவிக்கைன்னா தப்பாத் தைச்சாப் பிரிச்சுக்கலாம். இது கிழிஞ்சா கிழிஞ்சதுதான்."

பட்டறைப் போர்மேனிடம் கேட்டு வாங்கிய இரும்புத் துண்டுகளில் மூன்று அச்சு கடைந்து கொண்டுவந்தாய். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன. உள்ளே துளை மட்டும் ஒன்றைவிட ஒன்று இறுக்கம். பின்வாசலில் மரப்பலகை போட்டு, அதில் இரும்புக் கவ்வியை முடுக்கினாய். அச்சின் வாயில் கூட்டைச் செருகி, இரண்டையும் கவ்விக்கு நடுவில் வைத்து, கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால், கூடு உள்ளே போகும்போது கழுத்து சின்னதாகும்.

அதற்கு முன்னால் ஒரு சண்டை நடந்தது. கூடு வழுக்கிக்கொண்டு போவதற்குத் தடவவென்று பட்டறையிலிருந்து ஒரு தகர டப்பா கொண்டுவந்தாய். திறந்தாய். நாற்றம் வந்தது.

"என்ன அது?"

"கொழுப்பு அண்ணி."

"என்ன கொழுப்பு?"

"ஆட்டுக் கொழுப்புன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா? எம்பெருமான் படம் மாட்டியிருக்குற வீட்டுல நெனைச்சுக்கிட்டா கொழுப்பைக் கொண்டு வருவே? மாடா, பன்னியான்னு அந்த டப்பாவுக்குத் தெரியுமா?"

துடைப்பத்தோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். நீ டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றாய். கடைசியில் நான்தான் விளக்கெண்ணெய்க் குப்பியை எடுத்து நீட்டினேன். அதை விரலில் தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, "அடேயப்பா, இது பட்டறைக் கொழுப்பைவிட நல்லா புடிக்குது" என்றாய். அன்றிலிருந்து என் குப்பிக்கு நீதான் சொந்தக்காரன். எனக்குத் தலைக்கு வைக்கக்கூட மிச்சமில்லை.

ஆனால் முதல் கூடு இரண்டாவது அச்சில் 'டிக்' என்று விரிசல் விட்டது. அடுத்ததும் விட்டது. அதற்கடுத்ததும். ஒவ்வொரு 'டிக்'குக்கும் உன் முகம் சுருங்கும். நான் உள்ளே நின்று தாளிக்கும்போது கடுகு வெடித்தால்கூட, "இன்னொண்ணு போச்சா?" என்று எட்டிப் பார்ப்பேன்.

"பித்தளையைப் பிசைஞ்சாக் கோவிச்சுக்கிட்டு வெறச்சுக்கும் அண்ணி. நெருப்புல காட்டிச் சமாதானப்படுத்திட்டுத்தான் மறுபடி தொடணும்" என்றாய். "ஆனா கழுத்தை மட்டும்தான் காட்டணும். அடிப்பாகம் கெட்டியா இருக்கணும். வெடியைத் தாங்குறது அதுதான்."

அதற்கு நீ செய்த ஏற்பாடு என் கண்ணிலேயே நிற்கிறது. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிக் கூடுகளை வரிசையாக நிற்கவைத்தாய். இடுப்புவரை தண்ணீரில் நின்று சூரிய நமஸ்காரம் பண்ணுகிறவர்கள் மாதிரி நின்றன. மண்ணெண்ணெய் ஊதுவிளக்கின் ஜுவாலையை ஒவ்வொன்றின் கழுத்திலும் பிடித்தாய். கழுத்து லேசாகச் சிவக்கும். உடனே குச்சியால் தட்டிவிடுவாய். 'சுர்' என்று தண்ணீரில் சாய்ந்து முழுக்குப் போடும். எடுத்துப் பார்த்தால் கழுத்து மட்டும் மயில் கழுத்து நிறத்தில் இருக்கும். மயில் நிறத்தைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. முருகன் வந்துவிட்டார் என்றேன். "வந்தா கைப்பிடியைத் திருகச் சொல்லுங்க, எனக்குத் தோள் வலிக்குது" என்றாய்.

அப்புறம் விரிசல் குறைந்தது. ஆனால் கூட்டின் தோளில் குழி விழ ஆரம்பித்தது. பார்த்தால் சிரிக்கிற குழந்தையின் கன்னக்குழி மாதிரி அழகாகத்தான் இருந்தது. நீ தலையைச் சொறிந்துகொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். உனக்கு ஒத்தாசையாக எண்ணெய் தடவிக்கொண்டிருந்தது நான்.

"அண்ணி, எவ்வளவு எண்ணெய் தடவுறீங்க?"

"புள்ளைக்குத் தடவுற மாதிரி தாராளமாத்தான்."

"அதான். எண்ணெய் போறதுக்கு எடமில்லாம தோளை அமுக்குது. பாயாசத்துக்கு நெய் விடுற கையை இங்க காட்டாதீங்க. தொட்டும் தொடாம."

தொட்டும் தொடாமலும் தடவினேன். அதற்குப் பிறகு ஒழுங்காக வந்தது. கழுத்தைக் குறுக்கினதால் தடித்துப்போன இடத்தை உள்ளே துளையிட்டுச் சரிசெய்தாய். வாயை அறுத்து, அரத்தால் மழித்தாய். கோணிப்பை நிறைய வந்ததில் தேறியது ஒரு கைப்பிடிதான். மருந்து போடுவதும் குண்டு வைப்பதும் காஜாங்காரர் வேலை. லைசன்ஸ் அவருடையது, துப்பாக்கிக் கடையும் அவருக்குத் தெரியும். அதனால் காலிக் கூடுகளைத் துணியில் முடிந்து முன்கூட்டியே ஆள் மூலம் அனுப்பிவைத்தாய். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு சுட்டுப் பார்க்கலாம், எல்லாரும் வாருங்கள் என்று சேதி வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்தது நடந்தபடி நான்தான் சொல்ல முடியும். ஏனென்றால் நடத்தினது நான்.

நீங்கள் ஆண்கள் மூவரும் தென்னந்தோப்பில் பலகை கட்டப் போய்விட்டீர்கள். கூடத்தில் மேசைமேல் ஒரு தட்டில் தோட்டாக்கள் இருந்தன. நீ செய்த கூடுதான், இப்போது குண்டும் வைத்துத் தயாராக. வள்ளி விருந்தாளிக்குக் கொடுக்கிற சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். நான் சந்தனம் தொட்டேன். என் வீட்டில் புதுச் சட்டி வந்தாலும் பொட்டு வைக்காமல் அடுப்பில் ஏற்ற மாட்டேன். ஒரு வாழ்க்கையே அந்தத் தட்டில் இருக்கிறது, பொட்டில்லாமல் மூளியாகக் கிடக்கிறது. எப்படி மனசு கேட்கும்?

"கிண்ணத்தைப் புடிம்மா" என்றேன். அவளும் பிடித்தாள். ஒவ்வொரு தோட்டாவுக்கும், முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு, தோள் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன். நன்றாக அரைத்த கெட்டிச் சந்தனம். கொழுந்தன் கல்யாணமாயிற்றே, தாராளமாகவே வைத்தேன்.

தோப்புக்குப் போவதற்குள் அது காய்ந்து ஒட்டிக்கொண்டது. அதே மஞ்சள் நிறப் பித்தளையில் சந்தனம் இருப்பது யார் கண்ணிலும் படவில்லை. பெரியவர் ஒரு தோட்டாவைப் போட்டார். துப்பாக்கி மூடவில்லை. எடுத்து வேறொன்று போட்டார். அதுவும் பாதியில் நின்றது. உள்ளங்கையால் தட்டினார். அசையவில்லை. துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு உன் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "அளவு தப்பு. வாய்தான் வேலை செஞ்சிருக்கு, கை செய்யல. காப்பி குடிச்சுட்டுக் கெளம்புங்க. ரயிலுக்கு நேரமாச்சு."

உன் முகத்தில் ரத்தமே இல்லை. நீ அவர் கையிலிருந்த தோட்டாவை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாய். விரலால் தடவினாய். முகர்ந்தாய். பிறகு, திரும்பி, ஒரே ஒரு தடவை, என்னைப் பார்த்தாய்.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

நீ என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். அண்ணி வைத்தார்கள் என்று சொன்னால் அந்த நிமிஷமே எல்லாம் சரியாகியிருக்கும். நீ சொன்னது இதுதான்: "என் தப்புங்க. கடைசியா ஒரு தடவை தொடைச்சுப் பாத்துக் குடுத்திருக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து வள்ளி திறந்தாள். "அவரு தப்பு இல்லப்பா. பொட்டு வச்சோம். கிண்ணத்தை நான்தான் புடிச்சேன்."

"என்னது? எதுக்குப் பொட்டு?"

"தோட்டாவுக்கு."

"தோட்டாவுக்கா?"

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "நான்தான் வச்சேன். புதுசா ஒண்ண எடுக்குறப்ப சாமியை நெனைக்காம எடுக்கலாமா? நீங்க கங்காணியா இருந்தவரு, புது வெட்டுக்கத்திக்குச் சந்தனம் வைக்காம எந்த மரத்தை வெட்டியிருக்கீங்க? சொல்லுங்க பாப்போம்!" என்று கேட்டுவிட்டேன். இன்றைக்கும் அது தப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வைத்த இடம்தான் தப்பு.

அவர் தோட்டாவை வாங்கி மூக்கருகே வைத்தார். ஒரு தடவை முகர்ந்தார். மீசை துடித்தது. கோபம் என்று நினைத்து உன் அண்ணன் இரண்டடி பின்னால் போய்விட்டார். பார்த்தால் மனிதர் சிரிக்கிறார். தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு, துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறார். "பன்னிக்கு மாலை போடலையா? மேளத்துக்குச் சொல்லலையா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

வேட்டி நுனியால் சந்தனத்தைச் சுத்தமாகத் துடைத்தார். நீ வாங்கி ஒரு தடவை பார்த்துக் கொடுத்தாய். போட்டார். துப்பாக்கி நல்ல தச்சன் செய்த கதவு மாதிரி ஓசையில்லாமல் மூடிக்கொண்டது. நம்மைத் தள்ளி நிற்கச் சொன்னார். நான் கண்ணையும் காதையும் பொத்திக்கொண்டேன். வெடிச் சத்தத்தில் தோப்புக் காக்கை எல்லாம் எழும்பிவிட்டது. வெளியே விழுந்த கூட்டை எடுத்து, கழுத்து, தோள், அடி என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. இன்னொன்று சுட்டார். அதிலும் இல்லை.

"சாப்புட்டுடுச்சு" என்றார்.

பேச்சுக்காரனான நீ அன்று பேசாமல் நின்றதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் உன் அண்ணனைக் கூப்பிட்டார். "கிள்ளான்காரங்களை வர வேணாம்னு சொல்லி அனுப்பிடுறேன். ஐயா, வெடிக்கிற சாமானுக்கே சந்தனம் பூசி மரியாதை பண்ற வீடு உங்களுது. என் பொண்ணும் அப்பப்ப வெடிப்பா. நீங்க தாங்குவீங்க."

"அப்பா!" என்று வெடித்தாள் வள்ளி.

"பாத்தீங்களா?" என்றார் அவர்.

பன்றிகள் என்னவாயின என்று யாராவது கேட்டால் சொல்வேன்: ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. துப்பாக்கிக்குச் சோறு போட்டாய், சரி. சம்பந்திக்குக் குறிபார்க்க யார் சொல்லிக் கொடுப்பது? நம் வீட்டுப் பித்தளையால் ஓர் உயிரும் போகவில்லை என்பதில் எனக்கு எத்தனை நிம்மதி என்று உனக்குத் தெரியும்.

ஆனால் திரும்பி வந்த ரயிலைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

வண்டி கிளம்பியதும் உன் அண்ணன் மெதுவாகக் கேட்டார். "சந்தனம் காஞ்சு கெட்டியா இருந்துச்சு. அவரு கோவத்துல அடிச்சு மூடி, பாதியில மாட்டுன நெலையில வெடிச்சிருந்தா? துப்பாக்கியைக் கன்னத்துல வச்சுக்கிட்டு நிக்கிறாரு மனுஷன்." அவ்வளவுதான் சொன்னார். சுங்கை பீசி ஸ்டேஷன் தாண்டியும் நான் பேசவில்லை. வெளியே ஈயச் சுரங்கத்துக் குளங்கள் போய்க்கொண்டிருந்தன. கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரலில் சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது. வண்டி எங்கேயோ சிக்னலுக்கு நின்றது. நின்றதே தவிர நகரவில்லை.

எதிரில் இருந்த நீ குனிந்து என் முகத்தைப் பார்த்தாய். "அண்ணி, என்ன, பேச்சைக் காணோம்? நீங்க பேசாம ரயில் நகர மாட்டேங்குது பாருங்க."

"நான் வாயைத் தொறந்தாலும் வம்பு, கையை நீட்டினாலும் வம்பு. விடு தம்பி."

"கூடு மொதல்லயே சரியா உள்ள போயிருந்தா அவரு 'ம்'ன்னு சொல்லிட்டு உள்ள போயிருப்பாரு. கிள்ளான்காரனையும் கூப்புட்டு ஒரு கை பாத்திருப்பாரு. அவரைச் சிரிக்க வச்சது எது? நான் கடைஞ்ச அச்சா, நீங்க வச்ச பொட்டா?" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதை விடுங்க. கிண்ணத்தைப் புடிச்சுக்கிட்டிருந்தப்ப வள்ளி என்ன சொன்னா? ஒண்ணுவிடாம சொல்லுங்க" என்று கேட்டாய்.

சொன்னேன். "உங்க கொழுந்தன் எப்பவுமே இப்படித்தான் தண்ணி குடிப்பாரா, இல்ல அன்னைக்கு மட்டும்தானா?" என்று கேட்டாள் என்றேன். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா கோழிக்கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது வண்டி நகர்ந்தது. அதற்கப்புறம் கோலாலம்பூர் வரும்வரை நான் நிறுத்தவில்லை.

உன்னைக் கொண்டுபோன பிறகு இந்த வீட்டில் எல்லாரும் ஏதேதோ எடுத்து வைத்துக்கொண்டார்கள். உன் மகன் சட்டையை எடுத்துக்கொண்டான், உன் அண்ணன் உன் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நான் அந்த ரயில் பேச்சை எடுத்துக்கொண்டேன்.

வள்ளி காரியமெல்லாம் முடிந்தும் பேசாமலே இருந்தாள். அழுகையும் இல்லை, பேச்சும் இல்லை. அடுப்பங்கரை மூலையில் கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். உனக்குக் காய்ச்சல் கண்ட அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வந்து போகிறவர்கள் எல்லாரும் விதி என்றார்கள், கடவுள் சித்தம் என்றார்கள். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. போன வாரம் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, குனிந்து முகத்தைப் பார்த்து, "என்ன, பேச்சைக் காணோம்? நீ பேசாம ரயில் நகர மாட்டேங்குது பாரு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். அது யாருடைய பேச்சு என்று அவளுக்குத் தெரியாதா? அப்புறம் வெடித்தாள் தம்பி.

"மனுஷனா அவரு? என் அஞ்சறைப்பெட்டியில அரத்தைக் கொண்டாந்து வச்சவரு! கடுகு எடுக்கப் போனா ஆணி வரும்! எத்தனை தடவை சொன்னேன்? காய்ச்சல்ல கெடக்குறப்பவும், கஷாயம் கசக்குது, நீ பேசுறது அதைவிடக் கசக்குதுன்னு சிரிக்கிறாரு அக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை முடியலைன்னு சொல்லலையே!"

உன்னைத்தான் திட்டினாள். நன்றாகத் திட்டினாள். எஞ்சினிலிருந்து ஆரம்பித்து, பத்துமலைத் தண்ணீர்வரை பின்னால் போய், ஒன்றுவிடாமல் எடுத்துப் போட்டுத் திட்டினாள். நடுவில் அழுதாள், நடுவில் சிரித்தாள். விளக்கு வைக்கிற நேரம் வந்தும் நிறுத்தவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. அத்தனை நேரமும் நான் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை தம்பி. நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். உன் அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவர் சாட்சி.

உன் அண்ணி